ஸ்பீக்கருக்குள் கிடந்த அறுகரிசி

குலம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எங்கள் கோயில் பஜனைக் குழுவின் வட்சப்பில் வந்தபோது நான் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். கைபேசி மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தால் வரிசையாகக் கூப்பிய கைகள். மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் அவருடைய படம் வந்தது. நானும் ஒரு கூப்பிய கையை அழுத்தினேன். மற்றவர்களின் பெயர்களுக்கு நடுவே என் பெயரும் போய் நின்றது. அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அழித்துவிட்டேன். அதற்குள் பயறு கருகிவிட்டது.

இந்தப் புத்தகம் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் கைகளுக்கு வரும். கல்வெட்டு என்று நாங்கள் சொல்வது. தேவாரமும் குடும்ப விவரமும் நண்பர்கள் எழுதிய நினைவுகளும் இதில் இருக்கும். அவருடைய மனைவி மலர் அக்கா என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார். "எனக்கு எழுத வராது அக்கா" என்றேன்.

"நாள் முழுக்கக் கொப்பி எழுதுற ஆளுக்கு இது ஏலாதோ? உங்கட கொப்பியைப் பற்றி அவர் சொல்லாத ஆள் இல்லை" என்றார்.

நான் அதிகம் படித்தவள் அல்ல. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூடம் நின்றது. மிச்சமெல்லாம் நானாகப் பழகியது. அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்கள். நான் எழுத வேண்டியது அவருக்கு நான் செய்த ஒரு தீமையை. உங்களில் பலருக்கு அதில் பாதி தெரியும். தெரிந்த அந்தப் பாதி பொய்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். குலம் அண்ணை இந்த ஊரில் ஒரு பெரிய விளையாட்டு மண்டபத்தில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம் மெசின்களைத் திருத்துபவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, அப்படிப்பட்ட பழைய மெசின்களை வாங்கி பேஸ்மென்றில் வைத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வந்தார். எங்கள் கோயிலின் மைக்கும் ஸ்பீக்கரும் தொடக்கத்திலிருந்தே அவர் கையில்தான். அதை வேலை என்று அவர் சொன்னதில்லை, தொண்டு என்பார். அதனால் 'மைக் குலம்' என்று ஒரு பெயரும் இருந்தது.

எங்கள் வீட்டு மெசின் என் கணவருடைய ஆசை. அகதியாக வந்த முதல் பனிக்காலத்தில் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் போக்கிடம் ஒரு டோனட் கடை. அங்கே மூலையில் நின்ற ஒரு மெசினில் முறை வைத்து விளையாடுவார்களாம். முப்பது வருடம் கழித்து அதே மாதிரி ஒன்றை எங்கேயோ தேடிப்பிடித்து, நாலு பேர் தூக்க, எங்கள் படிக்கட்டால் இறக்கினார்.

"என்னப்பா இது, சவப்பெட்டியை நிமித்தி வச்ச மாதிரி?" என்றேன்.

"வாயைக் கழுவும். உது இல்லாட்டி நாங்கள் அண்டைக்கு விறைச்சுச் செத்திருப்பம்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அது 'கர்ர்' என்று சத்தம் போடத் தொடங்கியது. என் கணவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்றார். குலம் அண்ணையைக் கூப்பிட்டோம். வந்தவர் ஒரு கருவியையும் வெளியே எடுக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, மெசினுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு ஒலியை முழுதாகக் குறைத்தார். கர்ர் நிற்கவில்லை. மெசினை நிறுத்தினார். திரை அணைந்த பிறகும் கர்… கர்… க… என்று இளைத்து இளைத்துத்தான் அது ஓய்ந்தது.

"பாத்தியளே தம்பி, கரண்ட் போன பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு இருக்கு. அப்ப ஏதோ சுத்துற சாமான். ஸ்பீக்கரில பழி போடாதேங்கோ, அது பாவம்."

உள்ளே சூட்டைத் தள்ளுகிற ஃபான்தான் அது. திறக்க முன் என்னிடம் கேட்டார்: "எப்ப துவங்கினது தங்கச்சி? துவங்க முதல் என்ன நடந்தது?"

நான் மேலே ஓடிப்போய் என் வீட்டுக் கொப்பியைக் கொண்டுவந்தேன். வீட்டில் நடப்பதையெல்லாம் அதில் கோடு போட்டு எழுதுவேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எப்போது துப்புரவாக்கியது, கூரைத் தண்ணீர் எங்கே ஒழுகியது, எல்லாம். சத்தம் கேட்ட நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"டொக்டரிட்டப் போற சனமே இப்பிடி எழுதிக்கொண்டு போறேல்லை. தங்கச்சி, நீங்கள் அரைவாசி வேலையைச் செய்து வச்சிருக்கிறியள்."

வேறு ஃபான் பொருத்திப் பூட்டினார். சத்தம் நின்றது. பழையதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, "இதைத் துப்புரவாக்கி எண்ணெய் விட்டுப் பாக்கிறன். தப்பினாக் கொண்டந்து தாறன்" என்றார். அன்று மாலை நான் கொப்பியில் எழுதியது இவ்வளவுதான்: 'ஃபான் மாற்றியது. பழையதைக் கொண்டுபோனார்.' அவர் சொன்ன மற்ற வார்த்தையை எழுதவில்லை. எழுதாததை நான் மறந்தும் போனேன்.

அடுத்து நவராத்திரி வந்தது. விஜயதசமி அன்று எங்கள் வீட்டில் திறப்பு என்று நாங்கள் சொல்லும் கார்ச் சாவி, தையல் மெசின், மிக்சி, பிள்ளைகளின் லாப்டொப் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துப் பூப்போட்டு, அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் கலந்த அறுகரிசி தூவுவது வழக்கம். பேஸ்மென்ற் மெசின் பிழைத்து வந்திருக்கிறது, அதற்கும் செய்யவேண்டும் என்று நினைத்தேன். அது என்னைவிட உயரம். ஆசீர்வாதம் உச்சியில் விழவேண்டும் என்று ஒரு முக்காலியில் ஏறி நின்று மூன்று தரம் தூவினேன். உச்சியில் சூடு போவதற்கு நீள நீளமாகத் துவாரங்கள் வெட்டியிருந்தது என் கண்ணில் படவில்லை.

இரண்டு நாளில் புதுச் சத்தம். உலை கொதிக்கும்போது மூடி துள்ளுவதைப் போல. வீட்டுக் கொப்பியில் நாள், நேரம் எல்லாம் குறித்தேன். எனக்கு இன்னொரு கொப்பி உண்டு. விரதம், பூசை, நேர்த்தி எழுதுவது. விஜயதசமி பூசை அந்தக் கொப்பியில் இருந்தது. இரண்டையும் ஒரு மேசையில் விரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமிக்குச் செய்தது ஒரு பழுதுக்குக் காரணமாக இருக்கும் என்று நான் எப்படி நினைப்பேன்?

என் கணவர் குலம் அண்ணைக்குச் சொன்னார். அவர் ஆஸ்பத்திரிச் சோதனைகளுக்காக ஓடித்திரிந்த நேரம், இரண்டு கிழமையில் வருவதாகச் சொன்னார். அந்த இடைவெளியில்தான் நான் வாயைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிற ஏழு பேரில் நானும் ஒருத்தி. எங்களில் மூத்தவர் பவளம் அக்கா. அவர்தான் கேட்டார்:

"என்ன புவனா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வீட்டில ஒரு மெசின் அக்கா. குலம் அண்ணை திருத்தி கன நாள் ஆகேல்லை, திரும்பவும் சத்தம்."

"ஆர், எங்கட மைக் குலமோ?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நல்ல ஃபானைக் கழட்டிக்கொண்டு போய்ட்டார் அக்கா. ஓட்டை ஒண்டைப் பூட்டிவிட்டிருக்கிறார் போல. பழசைக் கொண்டுபோனதை நான் எழுதி வச்சிருக்கிறன்."

ஏழு கத்திகளும் ஒரு கணம் நின்றன. "எழுதி வச்சிருக்கிறன்" என்ற சொல்தான் அதைச் செய்தது. யாருடைய முறை எப்போது, எவ்வளவு பருப்பு மிச்சம் என்று எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். புவனா எழுதி வைத்திருந்தால் அது நடந்ததுதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் வெறும் கதையாகப் போயிருக்கும். நான் சொன்னதால் அது சாட்சியாகிவிட்டது.

குலம் அண்ணை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். முன்னைப்போலவே கதிரையில் இருந்து கேட்டார். என் கணவரை விளையாடச் சொன்னார். ஒலியைக் குறைத்தார், துள்ளல் சத்தம் நின்றது. கூட்டினார், வந்தது.

"இந்தமுறை ஸ்பீக்கர்தான் தம்பி. பாட்டு வந்தாத்தான் இதுவும் கூட ஆடுது. ஃபானில ஒரு பிழையும் இல்லை."

என் கணவரை முன்னால் நின்று விளையாடிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, பின்பக்கக் கதவைக் கழற்றினார். நான் அவருக்கு டோர்ச் பிடித்தேன். ஸ்பீக்கர் திரைக்கு மேலே, முதுகு உச்சியைப் பார்க்கக் குப்புறப் பூட்டியிருந்தது. அதில் ஒரு விரலை மெல்ல வைத்தார். சத்தம் அடங்கியது. எடுத்தார், வந்தது. மெசினை நிறுத்தச் சொல்லி, ஸ்பீக்கரைக் கழற்றி, தன் இடது உள்ளங்கையில் மெதுவாகக் கவிழ்த்தார்.

மஞ்சள் அரிசி. ஒரு பிடி இருக்கும். அதற்குள் காய்ந்த அறுகம்புல் இரண்டு மூன்று.

மெசினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் கேட்டார்: "என்னண்ணை, கிழிஞ்சு போச்சோ?"

குலம் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இல்லைத் தம்பி, ஊத்தை. பழைய பெட்டியெல்லே, மேலால விழுந்து சேந்திருக்கு."

அரிசியை என் கையில் கொட்டி, குரலைத் தாழ்த்தி, "சாமிக்குப் போட்டது, காலில மிதிபடக் கூடாது. அடுத்தமுறை முன்னால நிண்டு தூவுங்கோ தங்கச்சி. சாமி எங்க விழுந்தாலும் ஏற்கும், ஸ்பீக்கர் ஏற்காது" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மெசின் சரியே புவனா?"

"ஓம் அக்கா. வந்து பாத்தவர். சரி."

"பாத்தியளே!" என்று பவளம் அக்கா மற்றவர்களைப் பார்த்தார். "நாங்கள் கதைச்சது காதில விழுந்தவுடன நல்லதைக் கொண்டந்து பூட்டிட்டார். கோயில் மைக் அலுமாரித் திறப்பையும் போன கிழமைப் புதனே வாங்கியாச்சு. வயசு போட்டுது, ஓய்வெடுங்கோ எண்டு நிர்வாகத்து ஆக்கள் மரியாதையாத்தான் சொன்னவை. நல்ல காலம் நீர் சொன்னது."

எல்லோரும் சிரித்தார்கள். 'இல்லை அக்கா, அது நான் தூவின அரிசி' என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். எந்தப் பூசைக்கு எது முதல், எது பின் என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான். மெசினின் தலையில் அரிசி கொட்டி அதைப் பழுதாக்கினவள் என்று ஒரு வருடத்துக்குச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். பூசணிக்காயைக் குனிந்து வெட்டினேன். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு மனிதனின் பெயரை விட்டுக்கொடுத்தேன். முதல் நாள் சொன்னது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வெள்ளிக்கிழமைக்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

அதன் பிறகு கோயில் ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் குடிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தேவாரம் பாடும்போது அடியில் வண்டு போல உறுமிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தும் போகவில்லை. குலம் அண்ணை கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. முன்னே மைக்குக்குப் பக்கத்தில் நின்றவர் இப்போது செருப்பு வைக்கும் இடத்துக்குக் கிட்ட, பின்னால் நிற்பார். உறுமல் எழும்பும்போது அவருடைய தலை கொஞ்சம் சாயும். நான் அதைப் பார்ப்பேன், பார்க்காத மாதிரி அங்காலே திரும்புவேன்.

ஒருநாள் வெளியே சப்பாத்துப் போடும்போது கேட்டேன்: "அது என்னண்ணை, அந்தச் சத்தம்?"

"மைக் வயரைக் கரண்ட் வயரோட சேத்துக் கட்டிட்டினம். பிரிச்சு விட்டாக் காணும், நிண்டிடும்."

"அப்ப சொல்லலாமே?"

"கேட்டாச் சொல்லலாம்" என்றார். அவ்வளவுதான்.

சொல்லிவிடவேண்டும் என்று ஒரு தரம் புறப்பட்டேன். அடுத்த வசந்தகாலம். மோதகம் அவித்துக்கொண்டு மார்க்கம் நகரத்தில் உள்ள அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். மலர் அக்கா கடைக்குப் போயிருந்தார். குலம் அண்ணை என்னைக் கண்டதும், "நல்ல நேரம் வந்தீங்கள், நில்லுங்கோ" என்று கராஜுக்குள் போய் ஒரு சாமானுடன் வந்தார். எங்கள் வீட்டுப் பழைய ஃபான். ஒரு தாள்துண்டு ஒட்டி, 'புவனா தங்கச்சி வீடு' என்று எழுதியிருந்தார்.

"கன நாள் மினக்கெட்டுப்போச்சு. பார்ட்ஸ் தேடி எடுக்கவேண்டி வந்திட்டுது. இப்ப ஒரு சத்தமும் இல்லை, காதுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ." வயரைச் செருகினார். அது சுழன்றது. உண்மையாகவே ஒரு சத்தமும் இல்லை. "உங்கட சாமான். ஸ்பெயராக் கிடக்கட்டும்."

நான் திருட்டென்று சொன்ன பொருள் துடைத்து மினுங்கி என் மடியில் இருந்தது. "அண்ணை, நான் ஒரு விசயம்…" என்று தொடங்கினேன்.

"என்ன, இன்னொரு சத்தமோ?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஃபானை என் கணவருக்குக் காட்டாமல் களஞ்சிய அறையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். பிறகு சாமி அறையில் போய் இருந்து எல்லாவற்றையும் சாமியிடம் சொன்னேன். சாமியிடம் சொல்வது எவ்வளவு சுகம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாமி போய்ப் பவளம் அக்காவிடம் சொல்லாது.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. இந்த மாசியில் நெஞ்சு நோவென்று போனவர் திரும்பி வரவில்லை. செத்தவீட்டுக்குப் போய், எல்லோருடனும் வரிசையில் நின்று பூப்போட்டேன். நாலு நாள் கழித்து மலர் அக்கா கல்வெட்டுக்கு ஒரு பக்கம் கேட்கக் கூப்பிட்டபோதுதான், அவருடைய சமையலறையில், எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் திரும்பினார்.

"அவருக்குத் தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"திறப்பை வாங்க வந்தவை ஆர் சொன்னது எண்டும் சொல்லிப்போட்டுத்தான் போனவை. புதன்கிழமை. சனிக்கிழமை உங்கட வீட்டுக்கு வெளிக்கிடேக்க நான் மறிச்சனான். கள்ளன் எண்டு சொன்னவளின்ர வீட்டுக்கு என்ன மசிருக்குப் போறியள் எண்டு கேட்டனான்." மலர் அக்கா அப்படியான சொல் சொல்பவர் அல்ல. "சத்தம் கேக்குதெண்டு கூப்பிட்டிருக்குதுகள், போய்ப் பாக்கத்தானே வேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

நான் மலர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் அந்த அரிசி விழுந்த நேரத்தில், நான் சொன்ன பழிக்கும் இதுதான் பதில் என்று குலம் அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது. என் கணவர் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் ஊத்தை என்று சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மரக்கறி வெட்டும் இடத்தில் எழும்பி நின்று சொன்னேன். வெட்டிக்கொண்டே சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று பயந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஃபானையும் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. நான் இரண்டு வருடமாகப் பயந்திருந்த சிரிப்பு வரவேயில்லை. ஒருவர் எழும்பிக் கை கழுவப் போனார். கடைசியில் பவளம் அக்கா, "இப்ப சொல்லி என்ன புவனா, கேக்கிறதுக்கு ஆள் இல்லையே" என்றார்.

இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்க முன் மலர் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு பக்கமெல்லே கேட்டனான்" என்றார் முதலில். பிறகு கடைசித் தாளை வாங்கிப் பார்த்தார். அடியில் 'ஒரு சகோதரி' என்று எழுதியிருந்தேன்.

"இது ஆர்?"

"நான்தான் அக்கா. பேர் போட வெக்கமாக் கிடக்கு."

"ஒரு சகோதரி எண்டு போட்டா, ஆர் அந்தச் சகோதரி எண்டு சனம் தேடும். அங்க வெட்டுற ஏழு பேரையும் ஒவ்வொண்டாச் சந்தேகப்படும். அவருக்குச் செய்தது காணாதெண்டு மிச்ச ஆறு பேருக்கும் செய்யப்போறியளோ?"

பேனாவைத் தந்தார். அங்கேயே இருந்து வெட்டி எழுதினேன்.

குலம் அண்ணையின் கருவிகளும் படங்களும் அவருடைய பிள்ளைகளுக்கு உரியவை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, மேலே எழுதாமல் விட்ட ஒன்று. அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து மேலே வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வீட்டோடு மனம் நொந்தவர் அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார், இது எங்கள் சனத்தின் வழக்கம். நல்லது கெட்டதுக்கு வந்தாலும் பச்சைத்தண்ணியும் தொடாமல் எழும்பிப் போவார். குலம் அண்ணை எல்லாம் தெரிந்துகொண்டு வந்தவர். கோப்பையை அடிவரை குடித்தார். குடித்துவிட்டு, "தங்கச்சி, இன்னொரு அரைக் கோப்பை இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். என்ன கொடுக்கிறேன் என்று தெரியாமல் கொடுத்தேன்.

புவனேஸ்வரி
யூனியன்வில்